வண்டி நேராகத்தான் போகிறது, டயர் ஏன் தேய்கிறது?

"வண்டி இடது பக்கம் இழுக்குது, அலைன்மென்ட் பார்த்துடுங்க" என்று யார் வந்தாலும், சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் அந்த வேலைக்கு முன் நான் முதலில் எடுப்பது காற்று பார்க்கும் கேஜ்தான். முன் டயர் ஒன்றில் 33, இன்னொன்றில் 25 இருந்தால் காற்று குறைந்த பக்கம் வண்டி ஒதுங்கத்தான் செய்யும். காற்றைச் சரிசெய்து ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னால், பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். இன்னொன்று, மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரம் பார்த்துச் சரிவாகவே போடப்படுகின்றன. லேசாக இடப்பக்கம் போவது குறையே அல்ல. 80ஐத் தாண்டும்போது ஸ்டீயரிங் உதறினால் அது பெரும்பாலும் பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாத கோளாறு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைத்தான் பார்க்க வேண்டும்.

என்னைப் பயமுறுத்துவது இழுக்காத வண்டிகள்.

ஒருமுறை திருச்செந்தூர் கிளம்பும் குடும்பம் காற்றடிக்க நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) நன்றாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டீயரிங்கை ஃபுல்லாக ஒடிக்கச் சொன்னேன். உள் ஓரம் மொட்டையாகி, கம்பி எட்டிப் பார்த்தது. "வண்டி அம்பு மாதிரி நேராப் போகுதே தம்பி" என்றார் ஓட்டிவந்தவர். பொய்யில்லை. இரண்டு முன் சக்கரங்களும் ஒரே அளவு வெளிப்பக்கம் பார்த்து விரிந்திருந்தால், ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்துவிடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரும் இரண்டு டயர்களும் உள் ஓரத்தைச் சாலையில் தேய்த்துக்கொண்டே போகும். உள்பக்கம் பார்த்துக் குவிந்திருந்தால் வெளி ஓரம் தேயும், அதையாவது நின்றபடியே பார்த்துவிடலாம்.

இதற்கு மெஷின் வேண்டாம், உங்கள் கை போதும். வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒடித்து, பட்டன் மேல் உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லாகவும் இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கம்பி தெரிந்தால் மட்டும் கையை வைக்காதீர்கள், கிழித்துவிடும். நேர் சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நின்றாலும் சந்தேகப்படுங்கள். பெரிய பள்ளத்தில் 'டம்'மென்று இறங்கியிருந்தால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட் என்ற கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே வாருங்கள்.

டை ராட் எண்டும் (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு) லோயர் ஆர்ம் புஷ்ஷும் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர்) ஆடிக்கொண்டிருந்தால் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது. அவற்றை ஆட்டிப் பார்க்காமல் நேராக மெஷினில் ஏற்றுகிற கடையில் கொஞ்சம் உஷாராக இருங்கள். அப்புறம், 'கேம்பர் அவுட்', அதாவது சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருக்கும் கோணம் சரியில்லை என்று ஜாக்கி வைத்து வளைக்கக் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். நிறைய சிறிய கார்களில் முன் சக்கரத்தின் டோ (முன்பு சொன்ன விரிவதும் குவிவதும்) மட்டும்தான் திருகி மாற்றக்கூடியது. அந்த வண்டிகளில் கேம்பர் மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. எது என்று கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரிண்ட் இரண்டையும் வாங்கி வண்டியிலேயே வையுங்கள், அடுத்த முறை எனக்கே அது உதவும்.