ஒல்லாந்தர் வீட்டுக்குள் வெக்கை ஏன் பிந்தி வருகிறது?

கொழும்பு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியின் மதிய வெக்கையைக் கடந்து ஒல்லாந்தர் நூதனசாலைக்குள் காலை வைத்ததும் உடம்பு ஆறுகிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ குடியிருந்த வீடு. பிறகு தபாற்கந்தோராகவும் இருந்து, 1982இல் நூதனசாலையானது.

"சுவர் குளிரைப் பிடிச்சு வைச்சிருக்கு" என்றார் கூட வந்த மாமா. பாதிதான் சரி. சுவர் குளிரைப் பிடிப்பதில்லை, சூட்டைப் பிந்த வைக்கிறது. அரை மீட்டர் தடிப்புச் சுவரின் வெளிப்பக்கத்தில் நண்பகலில் ஏறும் சூடு உள்பக்கம் வந்துசேர அரைநாளுக்கு மேல் எடுக்கும். அதற்குள் வெயில் இறங்கிவிடும்.

அந்தக் காலத்தில் இந்தக் கரையோரத்தில் கைக்கெட்டிய கட்டடப் பொருள் கபுக் கல், அதாவது செம்புரைக்கல். மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டலாம். வெளியே எடுத்து ஈரம் காய்ந்தால் அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டுகள் இறுகிக் கல்லாகிவிடும். மேலே பூச முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உறிஞ்சி மறுபடி சுண்ணக்கல்லாகும்.

ஆனால் சுவரை மட்டும் நம்பிப் பயனில்லை. கொழும்பில் பகல் சுமார் 31 பாகை என்றால் இரவு 24, 25. சுவர் இரவில் முழுதாக ஆற வழியில்லை. உண்மையில் வேலை செய்வது நிழலும் காற்றும்தான்: வெயில் சுவரில் விழாமல் மறிக்கும் விறாந்தை, சூடான காற்று மேலே போய் ஒதுங்க உயரமான கூரை, அப்புறம் பின்முற்றம்.

முற்றத்தில் கிணறும் செடிகளும். ஒரு லீற்றர் தண்ணீர் இலைகளிலிருந்து ஆவியாகும்போது, ஆயிரம் வாட் கேத்தல் 40 நிமிடம் கொடுக்கும் வெப்பத்தைச் சுற்றியிருந்து எடுத்துக்கொள்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் இந்த ஆவியாதல் கொஞ்சம் மந்தம்தான், இருந்தாலும் இலைகள் தரும் நிழல் குறைவதில்லை. அடுப்பின் சூடும் புகையும் வீட்டுக்குள் வராதபடி குசினியைப் பின்வளவில் ஒதுக்கிக் கட்டுவது அந்தக் கால வழக்கம். அதன் பக்கத்தில் ரம்பையும் கறிவேப்பிலையும் நட்டால் கறிக்கும் ஆச்சு, நிலத்துக்கும் நிழலாச்சு. ரம்பை இலையின் வாசம் பாஸ்மதி அரிசியின் வாசத்தைத் தரும் அதே சேர்மம் என்று சொன்னபோது மாமா நம்பவில்லை. கசக்கி மணந்து பார்க்க வீட்டில் ஒரு இலைகூட இல்லை.

போன வருடம்தான் குசினிக்குப் பின்னால் இருந்த செடியெல்லாம் பிடுங்கிச் சீமெந்து போட்டோம். வெயில் இறங்கி ஏழு மணியானாலும் அதில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.