சொல் விளக்கம்: வினையூக்கி

கேட்டலிஸ்ட் என்பதற்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. பழைய பாடநூல்களில் கிரியா ஊக்கி, இப்போது பரவலாக வினையூக்கி, மேல்நிலை வகுப்பு வேதியியலில் வினைவேகமாற்றி. இலங்கைப் பாடநூல்களில் வெறும் ஊக்கி. இவற்றில் எது பொருந்தும் என்று பார்க்க எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் நீரை இழந்து இணைந்த சேர்மம்) கொதிக்கும் குடுவையைவிட நல்ல இடம் இல்லை. மாணவர்கள் இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

மூலச்சொல்லை 1835-இல் உருவாக்கியவர் சுவீடன் வேதியியலர் பெர்சிலியஸ். கிரேக்கத்தில் 'கட்டா' என்றால் கீழே, 'லூவோ' என்றால் அவிழ்க்கிறேன். ஆக, கட்டவிழ்த்தல். வேகம் பற்றிய பேச்சே அதில் இல்லை. வேகத்தை இலக்கணத்துக்குள் கொண்டுவந்தவர் இதே துறைக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்ட்வால்ட்: வினையின் வேகத்தை மாற்றும், ஆனால் விளைபொருளில் இடம்பெறாது. வினைவேகமாற்றி என்பது அவருடைய இலக்கணத்தின் தமிழ். கிரியா ஊக்கியில் வடசொல்லை எடுத்துவிட்டு 'வினை'யை வைத்தால் வினையூக்கி. ஜப்பானியரின் 'ஷோகுபாய்' இன்னும் அழகு. அதன் இரண்டாம் எழுத்து கல்யாணத் தரகரைக் குறிக்கும் எழுத்து.

எஸ்டரின் கதை சிறியது. 1848-இல் ஜெர்மானியர் க்மேலின், காடி ஈதர் என்று பொருள்படும் 'எஸ்ஸிக்ஏத்தர்' என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது. எசுத்தர் என்று எழுதுவோரும் உண்டு. மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல்.

'ஊக்கி' என்றதும் விளைச்சலையும் கூட்டித் தரும் என்று தோன்றிவிடுகிறது. தராது. எத்தனாலையும் அசெட்டிக் அமிலத்தையும் சம மோல், அதாவது சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள், எடுத்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரானதும் வினை சமநிலைக்கு வந்துவிடும். பெர்த்தலோவும் பெயான் து சான்-ழீலும் 1862-இலேயே கண்ட உண்மை இது. வினையூக்கியாகச் சேர்க்கும் அமிலம், அசெட்டிக் அமிலத்தின் கார்பனைல் ஆக்சிஜனுக்கு (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள ஆக்சிஜனுக்கு) ஒரு புரோட்டானைக் கொடுத்து, ஆல்கஹால் வந்து சேர வழி திறக்கிறது. அதே வழியில்தான் நீரும் திரும்பி வந்து எஸ்டரை உடைக்கிறது. போகவும் வரவும் ஒரே கதவு. விளைச்சல் கூட வேண்டுமானால் ஒரு வினைபொருளை மிகுதியாக எடுக்க வேண்டும், இல்லையேல் நீரை வெளியேற்ற வேண்டும்.

வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசெட்டேட்டைப் பாருங்கள். ஐசோஅமைல் ஆல்கஹால் 15 மி.லி., பனிக்காடி எனப்படும் நீரற்ற அசெட்டிக் அமிலம் 20 மி.லி., அடர் கந்தக அமிலம் 4 மி.லி. கந்தக அமிலத்தைக் கடைசியில், சிறிது சிறிதாக, குடுவையைச் சுழற்றிக்கொண்டே ஊற்ற வேண்டும். சீராகக் கொதிக்க உதவும் கொதிகற்களை, குடுவையைச் சூடாக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். சூடான திரவத்தில் போட்டால் பொங்கி வெளியே அடிக்கும். குளிர்விப்பானை நேராகப் பொருத்தி ஒரு மணி நேரம் கொதிக்க விடலாம்.

இப்போது கணக்கு. ஆல்கஹால் 0.14 மோல், அசெட்டிக் அமிலம் 0.35 மோல். அசெட்டிக் அமில மிகுதி ஒன்றாலேயே விளைச்சல் 90 சதவீதத்தை நெருங்கிவிடும். 4 மி.லி. கந்தக அமிலமோ 0.07 மோல், ஆல்கஹாலில் பாதி! இவ்வளவு ஊற்றிவிட்டு வினையூக்கி என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. வினையில் உண்டாகும் நீரையும் அது பிடித்துவைக்கிறது. அந்த வேலைக்குப் பெயர் நீர்நீக்கி. 1 மி.லி. போதும், நேரம்தான் கூடும்.

கழுவும்போது முதலில் 50 மி.லி. தண்ணீர், பிறகு 5 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல். பிரிபுனலை மூடிக் குலுக்கினால் கார்பன் டை ஆக்சைடு திரண்டு மூடியைத் தள்ளும். முதலில் மூடாமல் சுழற்றி நுரை அடங்க விட்டு, பின் மூடிக் கவிழ்த்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் குழாயைத் திறந்து வாயுவை விட வேண்டும். கழுவிய நீர் நீல லிட்மசைச் சிவப்பாக்கினால் வேலை முடியவில்லை. கந்தக அமிலம் மிஞ்சியிருந்தால் வாலை வடிக்கும்போது குடுவை கறுக்கும். நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, 142 டிகிரியை ஒட்டி வருவதைச் சேகரிக்கலாம்.

எல்லா ஆல்கஹாலுக்கும் கந்தக அமிலம் ஒத்துவராது. மூவிணைய ஆல்கஹாலிலிருந்து (OH தாங்கும் கார்பனோடு மூன்று கார்பன்கள் இணைந்தது) நீரைப் பிடுங்கி, இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் ஆக்கிவிடும். அங்கே பாரா டொலுயீன் சல்போனிக் அமிலமும் காப்பாற்றாது. அமில முறையையே விட்டுவிட வேண்டும். மற்றபடி நம் முதல் தேர்வு டொலுயீன் சல்போனிக் அமிலம்தான். திண்மம் என்பதால் தராசில் நிறுத்துப் போடலாம், ஆக்சிஜனேற்றி அல்ல, டொலுயீன் கொதிக்கும் கலவையில் நன்றாக வேலை செய்யும். பென்சாயிக் அமிலம் 12.2 கிராம், சற்று மிகுதியாகப் பியூட்டனால், இந்த அமிலம் 0.38 கிராம், அதாவது 2 மோல் சதவீதம். கொதித்து வரும் நீரைப் பிரித்துச் சேர்க்கும் டீன்-ஸ்டார்க் குழாயில் 1.8 மி.லி. அளவு நீர் சேர்ந்து மட்டம் ஏறாமல் நின்றால் வினை முடிந்தது. மெத்தனால், எத்தனாலுக்கு இந்தக் குழாய் உதவாது. அவை நீரோடு கலந்தே வந்து விழும்.

இன்னொரு வினையூக்கி, ஆம்பர்லிஸ்ட் 15 போன்ற சல்போனிக் அமிலம் பிணைந்த பிசின் மணிகள். இவற்றை வடிகட்டி எடுத்துவிடலாம், வினையூக்கிக்காகக் காரம் விட்டுக் கழுவத் தேவையில்லை. ஆனால் 120 டிகிரிக்கு மேல் தாங்காது. நீரை உறிஞ்சி மந்தமாகும், காந்தக் கலக்கியில் அரைபட்டுப் பொடியாகும்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 37 சதவீதம்தான், மீதி நீர். 10 மி.லி. ஊற்றினால் 0.4 மோல் நீரையும் சேர்த்து ஊற்றியதாகும். 1895-இல் வேதியியலர்கள் ஃபிஷரும் ஷ்பையரும் பயன்படுத்தியது உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயு. நைட்ரிக் அமிலத்தை நினைக்கவே வேண்டாம்: ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றும், கட்டுமீறி வெடிக்கவும் கூடும்.

பொது வழக்குக்கு வினையூக்கி போதும். வேகமும் சமநிலையும் பேசப்படும் இடத்தில் வினைவேகமாற்றி துல்லியம். ஆய்வேட்டில் டொலுயீன் சல்போனிக் அமிலத்துக்கு எதிரே 'வினையூக்கி, 2 மோல் சதவீதம்' என்று எழுதலாம். 4 மி.லி. கந்தக அமிலத்துக்கு எதிரே 'வினையூக்கி, நீர்நீக்கி' என இரண்டையும் எழுத வேண்டும்.