சத்தம் எங்கிட்டிருந்து வருது? போர்க்கப்பல் நீர்மூழ்கியைத் தேடும் விதம்

ஏர்வாடிப் பக்கம் சங்கு குளித்த என் மாமா அடிக்கடி சொல்வார்: "தண்ணிக்குள்ள இருக்கும்போது போட்டு இன்ஜின் சத்தம் நல்லாக் கேக்கும் மாப்ளே. எங்கிட்டிருந்து வருதுன்னு மட்டும் தெரியாது." மேலே எழும்பும் நேரத்தில் படகு தலைக்கு நேரே வந்துவிடுமோ என்ற பயம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். இரண்டு காதுகளுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. நீருக்குள் அந்த வித்தியாசம் காற்றில் இருப்பதில் கால்வாசிக்கும் கீழே சுருங்கிவிடும். மூளையால் பிரித்தறிய முடிவதில்லை.

நீர்மூழ்கியைத் தேடும் போர்க்கப்பலுக்கும் இதே சிக்கல்தான். ரேடார் அலையை உப்புநீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். வெளிச்சமும் தூரம் போகாது. மிஞ்சுவது ஒலி மட்டும். அதனால் கப்பலுக்கு நிறையக் காதுகள் வைத்திருக்கிறார்கள். முகப்பின் அடியில் புடைத்திருக்கும் கூட்டுக்குள் வரிசை வரிசையாக ஒலியுணரிகள். ஒவ்வொன்றையும் ஒலி எந்தக் கணத்தில் தொட்டது என்று கணினி ஒப்பிட்டுத் திசையைச் சொல்லிவிடும். இதுதான் சோனார்.

சும்மா கேட்டுக்கொண்டிருப்பது ஒரு வழி. ஆனால் பேட்டரியில் மெல்ல ஊரும் நீர்மூழ்கி ஏறக்குறைய ஊமை. அப்போது கப்பலே ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்க வேண்டும். எதிரொலி 4 நொடியில் திரும்பினால் இலக்கு சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது. போன சுருதியைவிட வந்த சுருதி உயர்ந்திருந்தால் அது நம்மை நோக்கி வருகிறது. பாறையாக இருந்தால் இப்படி நகராது. இதில் ஆபத்தும் உண்டு. இரவில் விளக்கோடு கரையில் நண்டு பிடிக்கப் போனால், நாம் நண்டைப் பார்ப்பதற்கு முன்பே நண்டு விளக்கைப் பார்த்துவிடும். எதிரொலி போய்த் திரும்ப வேண்டும். நீர்மூழ்கிக்கோ ஒருவழிப் பயணமே போதும். ஆகவே அது முதலில் கேட்டுவிடுகிறது.

என்னைக் கேட்டால், இந்த வேட்டையில் கப்பலின் பாதிச் சண்டை தண்ணீரோடுதான். நம் பாம்பன் பாலத்தின் இரு பக்கத்தையே பாருங்கள். வடகடலான பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. நம் கடற்படையின் கல்வரி வகை நீர்மூழ்கியின் உயரமே சுமார் 12 மீட்டர். அங்கே அது ஒளிய இடமில்லை. தென்கடலான மன்னார் வளைகுடாவோ தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டுகிறது.

ஆழமான கடலில் வெயில் ஒரு வேலை செய்யும். மேல்நீர் சூடாகி, கீழே குளிர்ந்த நீர் கிடக்கும். சூடான நீரில் ஒலி வேகமாகவும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் ஓடுவதால், ஒலிக்கதிர் கீழ்நோக்கி வளைந்துவிடும். நேராகப் போய்த் தொட வேண்டிய ஒலி, தூரத்தில் இருக்கும் நீர்மூழ்கியைத் தொடாமலே கீழே இறங்கிவிடுகிறது. 1930-களில் அமெரிக்கக் கடற்படையினர், காலையில் நன்றாக வேலை செய்த சோனார் மத்தியானத்துக்கு மேல் சோர்ந்துபோவதைக் கண்டு குழம்பினார்கள். கருவியில் குறை இல்லை, வெயில்தான் காரணம்.

இன்னொரு தொல்லை இறால். பவளப்பாறைகளில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன இறால் இனம் உண்டு. அது கொடுக்கைச் சொடுக்கும்போது உண்டாகும் நீர்க்குமிழி நொறுங்கும் சத்தம், ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோலக் கேட்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். அந்த இரைச்சலுக்குள்தான் ஊமை நீர்மூழ்கியைக் கேட்டாக வேண்டும்.

வெயில் செய்யும் வேலையைச் சமாளிக்கவே கப்பல்கள் சோனாரைக் கம்பியில் கட்டி, சூடான மேல்நீர் அடுக்குக்குக் கீழே இறக்கி இழுத்துச் செல்கின்றன. ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்று சோனாரை நீருக்குள் தொங்கவிடுவதும் உண்டு. கேட்பதில் பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1971 டிசம்பர் 9 இரவே சாட்சி. டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியைத் தேடிப் போன ஐ.என்.எஸ். குக்ரி, அது ஏவிய, நீருக்குள் பாய்ந்து தாக்கும் டார்பிடோவுக்கே இரையானது. 194 பேர் திரும்பவில்லை.

கண்டுபிடித்த பின் தாக்குவது எப்படி? முன்பு கப்பல் நீர்மூழ்கிக்கு மேலேயே போய், பின்புறமாக வெடிகுண்டுகளை உருட்டிவிடும். ஆனால் கப்பலுக்கு நேர் கீழே சோனார் பார்க்காது. முக்கியமான அந்தக் கடைசி நொடிகளில் கப்பல் குருடு. வெடித்த பின் கலங்கிய நீரில் செவிடும்கூட. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் 'ஹெட்ஜ்ஹாக்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. 24 குண்டுகளை முன்பக்கமாக வீசும். பட்டால் மட்டுமே வெடிக்கும். அதனால் தொடர்பு அறுவதில்லை. பழைய முறையில் ஒரு நீர்மூழ்கியை மூழ்கடிக்கச் சுமார் 60 தாக்குதல்கள் தேவைப்பட்டன. இதில் சுமார் 6.

அந்த வழியில் வந்ததுதான் நம் கப்பல்களில் உள்ள 12 குழல் ராக்கெட் ஏவி. டார்பிடோவோ தன் மூக்கில் சொந்த சோனாரை வைத்துக்கொண்டு, நீருக்குள் சுற்றிச் சுற்றித் தேடிப் பின்தொடரும். ஆழமற்ற கடலில் தரையும் மேற்பரப்பும் திருப்பியனுப்பும் எதிரொலிகள் அதைக் குழப்பும். அங்கே ராக்கெட்டும் கூட வேண்டியிருக்கிறது. சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டு, 2025 ஜூன் 18 அன்று கடற்படையில் சேர்ந்த 77 மீட்டர் நீள ஐ.என்.எஸ். அர்நாலா, கரையோரக் கடலில் நீர்மூழ்கி வேட்டைக்கென்றே வந்த கப்பல். அதில் இரண்டு ஆயுதமும் இருக்கின்றன.