மெய்: வாளின் காம்பில் வெட்டிய பெயர்

ஜப்பானிய வாள்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே காலை வாரிவிடும் ஒரு சொல் உண்டு: மெய். வாளைச் செய்த கொல்லர், பிடிக்குள் மறையும் இரும்பில் உளியால் வெட்டிவைக்கும் தன் பெயருக்கு அங்கே அதுதான் சொல். வேறொருவர் போலியாக வெட்டிய பெயர் 'கிமெய்'. பெயரே வெட்டாத வாள் 'முமெய்'. ஆக, 'இந்த வாளின் மெய் பொய்' என்று எழுதினால் அது பிழையில்லாத வாக்கியம்தான். படிப்பவருக்குத்தான் தலை சுற்றும்.

நம் மெய்க்கும் அந்த மெய்க்கும் உறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒலி ஒத்துப்போனால் போதும், மூலமே தமிழ்தான் என்று கிளம்பிவிடும் ஆர்வம் நமக்குக் கொஞ்சம் அதிகம். ஜப்பானியச் சொல் சீனத்திலிருந்து போனது. இன்றைய சீனத்தில் அது 'மிங்'. ஜப்பானியப் பேச்சிலும் பெரும்பாலும் 'மே' என்றே நீளும். அதை எழுதும் சித்திர எழுத்தைப் பிரித்தால் இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் பெயர். பழைய சீனாவில் வெண்கலக் கலங்களில் வெட்டிய வாசகங்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. இன்றைய ஜப்பானில் 'மெய்கரா' என்றால் சரக்கின் வணிகப் பெயர்; பங்குச் சந்தையில் இன்ன நிறுவனத்தின் பங்கு என்று சொல்லவும் அதே சொல்தான்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'கையொப்பம்' என்று எழுதுகிறார்கள். கையொப்பம் தாளில் மையால் போடுவது. தவிர, 'ஒப்பம்' என்பதற்கு மெருகு என்றும் பொருள் உண்டு. வாளுக்கு மெருகிடுவது அங்கே தனியொரு குடித்தொழில் என்பதால் குழப்பம் இரட்டிக்கும். 'முத்திரை' என்பது ஒரே அச்சைத் திரும்பத் திரும்பக் குத்துவது. இங்கே ஒவ்வொரு கோடும் உளியும் சுத்தியலும் தனித்தனியாக இழுத்தது. எனக்குப் பிடித்த சொல் பாத்திரக் கடையில் கிடைத்தது. சீர்வரிசைக் குடத்தை எடுத்ததும் கடைக்காரர் 'பேர் வெட்டணுமா?' என்று கேட்பாரே, அதுதான். உலோகத்தில் பெயர் வெட்டுவது. கல்லில் வெட்டியது கல்வெட்டு என்றால் இது பெயர்வெட்டு. கிமெய்யைப் பொய்வெட்டு என்றும், முமெய்யைப் பெயரிலி வாள் என்றும் சொல்லலாம். இனி அப்படியே எழுதுகிறேன்.

பெயர் வெட்டும் இடத்துக்கு 'நகாகோ' என்று பெயர். அதை எழுதும் எழுத்து செடியின் தண்டைக் குறிப்பது. தமிழில் காம்பு என்றாலே போதும். மரப்பிடிக்குள் காம்பைச் செருகி, துளை வழியே ஒரு மூங்கில் ஆணியை அடித்தால் வாள் நிற்கும். ஆணியைத் தட்டி எடுத்தால் பெயர் வெளியே வரும். அலகைப் பளபளவென்று வைத்திருப்பவர்கள் காம்பின் துருவை மட்டும் தொடுவதில்லை. நூற்றாண்டுகளாக ஊறிக் கறுத்த அந்தத் துருதான் வயதுக்குச் சாட்சி. வெட்டுக்கோட்டின் பள்ளத்திலும் அதே முதிர்ந்த துரு இருக்க வேண்டும். சுற்றிலும் கறுப்பு, பள்ளத்தில் மட்டும் செம்மை என்றால் பெயர் பிறகு வந்து ஏறியது. விவரம் தெரியாமல் காம்பைத் தேய்த்து மினுக்கியவர்கள் விலையையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறார்கள்.

வெட்டிய வாசகத்தின் நீளமே ஒரு செய்தி. ஜப்பானின் பழைய மாகாணமான பிஸென் நாட்டு ஒசாஃபுனே ஊரில் சுகெஸாதா என்ற பெயரை எத்தனையோ கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டினார்கள். போர்க்காலத்தில் கும்பலாக அடித்துத் தள்ளிய வாள்களில் 'பிஷூ ஒசாஃபுனே சுகெஸாதா' என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள் (பிஷூ என்பது பிஸெனின் குறுக்கம்). கேட்டுச் செய்வித்த வாளாக இருந்தால் 'பிஸென் நாட்டில் வாழும்' என்று முழுதாகத் தொடங்கி, கொல்லரின் சொந்தப் பெயரும் சேரும். மறுபக்கம் ஆண்டும் மாதமும். மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு. மற்ற மாதங்களில் உலை எரியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு மரபு, அவ்வளவுதான்.

இனி பொய்வெட்டு. 17ஆம் நூற்றாண்டில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பேரெடுத்தவர் நாகாசோனே கொதெத்ஸு. கவசம் செய்துகொண்டிருந்தவர் நடுவயது தாண்டி வாளுக்கு மாறினார். அவர் பெயரை வெட்டிய போலிகள் எவ்வளவு பெருகின என்றால், 'கொதெத்ஸுவைக் கண்டால் போலி என்றே நினை' என்று பழமொழியே வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் காஜிஹெய் என்ற கொல்லர் பிறர் பெயரை வெட்டுவதிலேயே பெயர் வாங்கினார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குருவின் அனுமதியோடு சீடர் குருவின் பெயரை வெட்டினால் அது பொய்வெட்டு ஆகாது. 'தாய்மெய்' என்று தனிப்பெயர். கை சீடருடையது, பெயர் பட்டறையுடையது. நம் காதுக்கு அது தாயின் மெய்யாகக் கேட்பது ஒலி செய்யும் இன்னொரு குறும்பு.

அப்படியானால் வாளை எதை வைத்து நம்புவது? ஜப்பானில் இந்தக் கலைக்குக் 'கந்தெய்' என்று பெயர். காசு நல்லதா கெட்டதா என்று பார்ப்பதை 'நோட்டம்' என்றும் பார்ப்பவரை நோட்டக்காரர் என்றும் சொன்னோமே, அந்தச் சொல் இதற்குக் கச்சிதம். நோட்டம் பழகும் கூட்டங்களில் காம்பைத் துணி சுற்றியோ பிடி போட்டோ மூடிவிட்டு, அலகை மட்டும் கையில் தருவார்கள். வளைவு எங்கே விழுகிறது, மடித்து அடித்த எஃகின் வரி மரக்கட்டையின் ரேகை போல எப்படி ஓடுகிறது, பழுக்கக் காய்ச்சி நீரில் முக்கும் தோய்ச்சல் விளிம்பில் விட்டுச்சென்ற வெள்ளைக் கோடு நேராகவா அலையாகவா, நுனியில் அது எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக் கொல்லரின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர்வெட்டைப் பார்ப்பது கடைசியில். உடல் ஒன்றைச் சொல்ல, பெயர் வேறொன்றைச் சொன்னால் உடலைத்தான் நம்புவார்கள். மெய் என்பதற்கு உடல் என்றும் பொருள் வைத்த தமிழனுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பெயர் இருந்தால்தான் விலை என்பதும் பாதி உண்மைதான். பெருமதிப்புள்ள வாள்கள் பல பெயரிலிகள். நீண்ட பழைய வாள்களைப் பிற்காலத்தில் இடுப்பில் செருகக் குட்டையாக்கியபோது காம்புப் பக்கம்தான் வெட்டினார்கள், பெயரும் போயிற்று. மனம் வராத சிலர், பெயர் இருந்த துண்டை மட்டும் நீள்சதுரமாக அறுத்தெடுத்துப் புதுக் காம்பில் பதித்தார்கள். இன்னும் சிலர் பெயருள்ள தகட்டை மறுபுறமாக மடித்துவிட்டார்கள், எழுத்து தலைகீழாக நிற்கும். புகழ்பெற்ற கொல்லர் மசாமுனேயின் பெயர்வெட்டோடு கிடைப்பவை சில குறுவாள்களே. இன்னொரு கொல்லர் கோ யொஷிஹிரோவின் பெயர் வெட்டிய வாள் ஒன்றுகூட இல்லை. 'கோவின் வாளையும் பேயையும் கண்டவர் இல்லை' என்று அங்கே ஒரு கேலி உண்டு. 2020இல் செத்தோஉச்சி நகராட்சி, பொதுமக்களிடமும் நிதி திரட்டி, ஏறத்தாழ 50 கோடி யென்னுக்கு வாங்கிய 'சான்ச்சோமோ' வாள் ஒரு தேசியப் பொக்கிஷம், அதுவும் பெயரிலி. ஒசாஃபுனே இன்று இருப்பது அந்த நகராட்சிக்குள்தான்.

பெயரில்லாத வாளுக்குப் பெயர் சொல்லும் உரிமை ஹொன்அமி குடும்பத்திடம் இருந்தது. வாளுக்கு மெருகிடுவதும் நோட்டம் பார்ப்பதும் அவர்கள் குலத்தொழில். முடிவைக் காம்பிலேயே பொன் பதித்து எழுதுவார்கள். இல்லாவிட்டால் தடித்த தாளை இரண்டாக மடித்து, இன்னார் செய்தது, இத்தனை பொற்காசு பெறும் என்று எழுதித் தருவார்கள். மடித்த தாள் என்பதால் அது 'ஒரிகாமி'. காகிதக் கொக்கு மடிக்கிறோமே, அதே சொல்தான். 'ஒரிகாமி உள்ளவர்' என்றால் இன்றும் ஜப்பானியத்தில் நம்பகமானவர் என்று பொருள். 1719இல் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் யொஷிமுனே கேட்டதற்கு இணங்க ஹொன்அமி குடும்பம் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்துக் கொடுத்தது.

இப்போது சான்றிதழ் தருபவற்றில் முதன்மையானது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோலக் காம்பின் மேல் மெல்லிய தாளை வைத்து மைக்கட்டியால் தேய்த்து எடுத்த பழைய 'ஒஷிகாத்தா' படிகளோடு ஒப்பிட்டு, உளி எங்கே அழுந்தியது, எங்கே தூக்கியது என்றுகூடப் பார்ப்பார்கள். (மாகாணக் கல்வி வாரியம் தரும் பதிவுச் சீட்டு வேறு, அது வாளை வைத்திருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. அதைக் காட்டி அசல் என்று விற்பவரிடம் ஜாக்கிரதை.) பொய்வெட்டு என்று தெரிந்தால் சான்றிதழ் கிடையாது. எனவே அலகு நல்லதாக இருந்தால் பொய்வெட்டை அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் பெயரிலியாக மறுபடி கொண்டுபோவது வழக்கம். அதற்கும் சங்கம் தகுந்த சான்று தரும். ராவுகிறவர் மட்டும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். தவறான நோட்டத்தை நம்பி அசல் பெயரையே ராவிவிட்டால், இரும்புத்தூளைத் திரும்ப ஒட்ட முடியாது.