இலைக்குள் ஓடும் வெள்ளைக் கோடு: மருந்து அடிக்கும் முன் ஒரு நிமிஷம்

தக்காளிச் செடியிலோ பீர்க்கங்கொடியிலோ யாரோ கோலம் போட்டுவிட்டுப் போன மாதிரி இலையில் வளைந்து நெளிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், அந்த இலையைக் கிள்ளாமலே வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் ஒரு முனை நூல் அளவுக்கு மெலிசாகவும் மறுமுனை அதைவிடப் பல மடங்கு அகலமாகவும் இருக்கும். அந்த அகலமான முனையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு மஞ்சளாக ஏதாவது அசைந்தால், புழு இன்னும் உள்ளே மேய்ந்துகொண்டிருக்கிறது. எதுவும் இல்லையென்றால் அது எப்போதோ வெளியேறிவிட்டது, நீங்கள் பார்ப்பது அது விட்டுப்போன காலித் தடம் மட்டும்தான்.

இதைத்தான் இலைத்துளைப்பான் என்கிறோம். இது ஒரே பூச்சியின் பெயர் இல்லை. ஈ, அந்துப்பூச்சி, வண்டு, குளவி வகையைச் சேர்ந்த ரம்பப்பூச்சி என்று நான்கு பெரிய பூச்சிப் பிரிவுகளிலும் இப்படி இலைக்குள் வாழும் புழுக்கள் உண்டு. நம் காய்கறிச் செடிகளில் கோடு போடுவது பெரும்பாலும் லிரியோமைசா ட்ரைஃபோலி என்ற குட்டி ஈ. அமெரிக்கக் கண்டத்திலிருந்து சாமந்தி நாற்றுகளோடு உலகம் சுற்றக் கிளம்பியது, இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் தென்பட்டது, இப்போது தக்காளி, அவரை, ஆமணக்கு, பருத்தி, பூசணி வகைகள் என்று எதையும் விட்டுவைப்பதில்லை.

பெண் ஈ தன் முட்டையிடும் குழலால் இலையைக் குத்தும். கோடு வருவதற்கு முன் இலையில் தெரியும் வெளிறிய புள்ளிகள் அந்தக் குத்துகள்தான். எல்லாக் குத்திலும் முட்டை இருக்காது. பலவற்றில் கசியும் சாறை அது குடித்துவிட்டுப் போய்விடும். ஆண் ஈக்கு இலையைக் குத்த எதுவும் கிடையாது, அதனால் பெண் குத்திய ஓட்டைகளிலேயே அதுவும் உறிஞ்சிக்கொள்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே இருக்கும் பச்சைத் திசுவை வாய்க்கொக்கியால் சுரண்டித் தின்றபடி முன்னேறும். தின்ற இடம் காலியாகி உள்ளே காற்று நிறைவதால்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிகிறது. புழு வளர வளரச் சுரங்கமும் அகலமாகிறது. உற்றுப் பார்த்தால் கோட்டுக்குள் ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம் என்று மாறி மாறிக் கறுப்பாக ஓடும், அது புழுவின் கழிவு. கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். கோடைச் சூட்டில் முட்டையில் தொடங்கி ஈயாகும் வரை மொத்தக் கதையும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும்.

சரி, செடிக்கு என்ன ஆகிறது? கோடு விழுந்த இடத்தில் ஒளிச்சேர்க்கை போய்விட்டது, அவ்வளவுதான். மிச்சம் இருக்கும் பச்சை தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். வளர்ந்த செடி சில இலைகளில் கோடு விழுந்ததற்காகக் காய்ப்பதை நிறுத்தாது. நாற்றுக்கும், இலையையே விற்கும் கீரைக்கும் கதை வேறு. எலுமிச்சையைத் தாக்குவது வேறொரு பூச்சி, 1856இல் கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து அறிவியல் பெயர் பெற்ற ஒரு வெள்ளி நிற அந்துப்பூச்சி. அது இளந்தளிரில் மட்டும்தான் முட்டையிடும். இளங்கன்றுக்கு அது தொல்லை, பெரிய மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அது கிழித்த தோல் வழியாகச் சொறி நோய்ப் பாக்டீரியா சுலபமாக நுழைந்துவிடும், உண்மையான சேதம் அங்கேதான். தக்காளி ஊசிப்புழுவை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து 2006இல் ஸ்பெயினுக்கும் 2014இல் இந்தியாவுக்கும் வந்த அது இலையோடு நிற்காமல் காயையும் குடையும்.

கோட்டைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் நம் வழக்கம். இந்த ஈ விஷயத்தில் அது பல நேரம் நிலைமையை மோசமாக்கும். இலையின் மேல் படும் மருந்து தோலுக்கடியில் இருக்கும் புழுவிடம் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அந்தப் புழுவைத் தேடி இலை மேல் நடந்துகொண்டிருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளின் மேல்தான் முதலில் படுகிறது. கொசுவைவிடச் சின்னக் குளவிகள் இவை. டிக்ளிஃபஸ் ஐசியா என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோட்டின் மேல் உணர்கொம்பால் தட்டித் தட்டிப் போய்ப் புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, இலைத்தோல் வழியாகவே கொட்டி அதை முடக்கிவிட்டுப் பக்கத்தில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் குளவிக்குஞ்சு அந்தப் புழுவைத் தின்று முடித்ததும், சுரங்கத்தின் கூரை தன் மேல் இடிந்து விழாமலிருக்கத் தன் கழிவாலேயே சுற்றிலும் சின்னத் தூண்கள் எழுப்பிக்கொண்டு, அதற்கு நடுவே கூட்டுப்புழுவாகப் படுத்துவிடும்! கைக்கண்ணாடி இருந்தால் அந்தத் தூண்கள் தெரியும். இவற்றைக் கொன்றுவிட்டால் அடுத்த தலைமுறை ஈக்களைத் தடுக்க ஆளில்லை. வேறு பூச்சிக்காகத் தொடர்ந்து மருந்தடித்த தோட்டங்களில் இலைத்துளைப்பான் திடீரென்று பெருகுவது இதனால்தான். அந்த ஈயும் சில ஆண்டுகளிலேயே மருந்துக்குப் பழகிவிடும்.

குளவிகளின் வேலை ஒரு செடியோடு முடிவதில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பெலீஸ் நாட்டுக் காட்டில் இரண்டு இலைத்துளைப்பான் இனங்களை மட்டும் வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தார்கள். அவற்றோடு உணவுக்குப் போட்டியே போடாத, வேறு செடிகளில் வாழும் மற்ற இலைத்துளைப்பான்கள் அதிகமாகின. காரணம், இரண்டு தரப்புக்கும் எதிரி ஒரே குளவிகள். அந்த இரண்டு இனம் குறைந்ததும் குளவிகளுக்கு இரை குறைந்தது, மற்றவற்றின் மேல் விழுந்த அடியும் குறைந்தது. வேலியோரக் களைச்செடியில் தெரியும் கோடுகளைப் பார்த்து நான் கவலைப்படாததற்கு இது ஒரு காரணம். அங்கே இருக்கும் புழுக்களை நம்பித்தான் குளவிகள் பிழைக்கின்றன.

செடியும் புழுவும் இன்னும் விசித்திரமாகவெல்லாம் விளையாடுகின்றன. ஆப்பிள் மரத்தில் வாழும் ஓர் இலைத்துளைப்பான், இலையுதிர் காலத்தில் இலை முழுக்க மஞ்சளானாலும் தன்னைச் சுற்றி மட்டும் ஒரு பச்சைத் திட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். புழுவின் உடலில் குடியிருக்கும் வால்பாக்கியா பாக்டீரியா இல்லாமல் இது நடப்பதில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்து அதை நீக்கினால் பச்சைத் திட்டும் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், ஈக்வடாரில் ஒரு கலேடியம் செடியின் பச்சை இலைகளில் ஆய்வாளர்கள் வெள்ளைத் திட்டு வரைந்து வைத்தார்கள். அந்துப்பூச்சிகள் வரையாத பச்சை இலைகளையே அதிகம் தேடிப் போயின. வெள்ளை வரைந்த இலையை ஏற்கெனவே வேறு புழு குடியேறிய இலை என்று நினைத்து ஏமாந்திருக்க வேண்டும்.

குளவிகளால் சமாளிக்க முடியாத இடமும் உண்டு. ஐரோப்பியப் பூங்காக்களில் நிற்கும் குதிரைச் செஸ்ட்நட் மரங்களுக்கு, இன்றைய வட மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரி அருகே 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் இலைத்துளைப்பான் அந்துப்பூச்சி 1989இல் ஆஸ்திரியாவுக்கும் 2002இல் லண்டனுக்கும் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் மாதத்திலேயே மரம் முழுக்கக் காய்ந்து பழுப்பாகிவிடும். மரம் சாவதில்லை, விதைகள் சிறுத்துப்போகின்றன. உள்ளூர்க் குளவிகள் இந்தப் புதுப் பூச்சியைக் கொஞ்சமாகத்தான் தாக்குகின்றன. அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு உதிர்ந்த இலைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிப்பதால் சருகைக் கூட்டி அள்ளுவதுதான் அங்கே முக்கிய வைத்தியம். ஆனால் அதே சருகில் குளவிகளும் இருக்கும். அதனால் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சருகை வலை போட்ட கொள்கலனில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். சின்னக் குளவி கண்ணி வழியே வெளியே வந்துவிடும், அதைவிடப் பெரிய அந்துப்பூச்சி உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்துப் புழு அசைந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்தி நசுக்குங்கள், காலித் தடமாக இருந்தால் இலையைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். நாற்றில் தொல்லை அதிகமென்றால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளிக்கலாம், மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம். புழு கறுத்துச் சுருங்கி, பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னக் குளவிக் கூட்டுப்புழு தெரிந்தால் அந்த இலையைத் தொடவே வேண்டாம்.