உங்கள் கேபிள்காரர் யார் என்று கேட்கும் பெட்டி

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் லீவுக்கு வரும்போது சாக்லேட், சென்ட் பாட்டிலோடு ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியும் வருவது குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் இப்போது புதிதல்ல. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளையில் செருகி, வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்து, அந்த நாட்டுச் சானல் ஒன்றின் ஆப்பைத் திறந்தால், பெரும்பாலும் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று அங்கேயே கதை முடிந்துவிடும். அப்படி முடியாத ஆப்கள் வேறொன்று கேட்கும்: உங்கள் கேபிள் நிறுவனம் எது? கீழே காம்காஸ்ட், காக்ஸ், ஸ்பெக்ட்ரம் என்று ஒரு பட்டியல். நம் தெருக் கேபிள்காரர் பெயரை அதில் தேடிப் பயனில்லை.

இன்டர்நெட்டில் வருகிற சானலுக்குக் கேபிள் எதற்கு? படம் வருவதற்குத் தேவையே இல்லை. இது கேபிள் பில் கட்டுகிற வீடுதானா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற கேபிள் பெட்டியும் அதே சோதனையைத்தான் சில நொடிக்கு ஒரு தடவை செய்துகொண்டிருக்கிறது, நமக்குத் தெரியாமல். முதலில் அதைப் பார்த்துவிட்டால் மற்றது சுலபம்.

சானல்கள் செயற்கைக்கோளிலிருந்து கேபிள் நிறுவனத்தின் ஹெட்எண்ட் என்கிற கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேருகின்றன. அங்கே உள்ள பெரிய டிஷ்கள் பிடிப்பது சி-பேண்ட் அலைகளை. வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் சின்ன டிடிஎச் டிஷ் பிடிப்பது கேயூ-பேண்ட். கேயூ-பேண்ட் அலையை மழை நன்றாகவே உறிஞ்சும், சி-பேண்டை அவ்வளவாகத் தொடாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது. கனமழையில் டிடிஎச் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்போது பக்கத்து வீட்டில் கேபிளில் சீரியல் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். தென்னை மட்டை விழுந்து ஒயரை அறுக்காத வரை, சொல்லப்போனால்.

ஹெட்எண்டிலிருந்து கண்ணாடி இழையிலும், கடைசியாகத் தெருவுக்குள் செம்பு ஒயரிலும் எல்லாச் சானல்களும் எல்லா வீட்டுக்கும் வந்துவிடுகின்றன. களியக்காவிளைப் பக்கம் தமிழோடு மலையாளச் சானலும் பார்க்கிற வீடுகள் நிறைய. பக்கத்து வீட்டுக்காரர் தமிழ் பேக் மட்டும் எடுத்திருக்கலாம். அவர் பெட்டி வரைக்கும் மலையாளச் சானலும் அதே ஒயரில் வந்துதான் நிற்கிறது. பெட்டி அதைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

திறப்பது என்றால் என்ன? டிஜிட்டல் டிவி சிக்னல் 188 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் முதல் 4 பைட் முகவரி மாதிரி: இது எந்தச் சானலின் படம், எந்தச் சானலின் ஒலி என்ற விவரம். அதை எந்தப் பெட்டியும் படிக்கலாம். உள்ளே இருக்கும் மீதி 184 பைட்டைக் கட்டணச் சானல்கள் கணக்குப் போட்டுக் கலைத்துவிடுகின்றன. அந்தக் கலைப்புக்கு ஒரு சாவி எண் உண்டு. ஐரோப்பாவில் 1994இல் வகுத்த டிவிபி-சிஎஸ்ஏ என்ற முறையில் அதன் நீளம் 64 பிட். ஒரே சாவியை நாள் முழுவதும் வைத்திருந்தால் யாராவது கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவிடுவார்கள். அதனால் சாவி பொதுவாகப் பத்து நொடிக்கு ஒரு தடவை மாறுகிறது.

பத்து நொடிக்கு ஒரு தடவை சாவி மாறினால் படம் வெட்டி வெட்டி வரவேண்டாமா? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. சாவிகளை ஒற்றை, இரட்டை என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பொட்டலத்தின் முதல் 4 பைட்டுக்குள் 2 பிட் இடம் இதற்கென்றே உண்டு. கலைத்த பொட்டலமா, ஆம் என்றால் ஒற்றைச் சாவியா இரட்டைச் சாவியா என்று அது சொல்லிவிடும். ஒற்றைச் சாவி வேலை செய்யும்போதே இரட்டைச் சாவி பெட்டிக்குள் வந்து காத்திருக்கும்.

இந்தச் சாவியும் படத்தோடு அதே ஒயரில்தான் வருகிறது, ஆனால் பூட்டிய நிலையில். தொழிலில் இதை இசிஎம் என்பார்கள். அந்தப் பூட்டைத் திறக்க இன்னொரு உரிமை வேண்டும். இன்ன நம்பர் பெட்டிக்கு இன்னின்ன சானல், இன்ன தேதி வரை என்று சொல்லும் செய்தி அது; அதற்குப் பெயர் இஎம்எம். பெட்டிக்குள் உள்ள ஸ்மார்ட் கார்டு, அல்லது கார்டு இல்லாத பெட்டிகளில் அதன் சிப், இந்த உரிமையைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நீளமாக ஒரு நம்பர் இருக்கிறதே, கேபிள்காரர் போனில் கேட்பது அதைத்தான். ஒயருக்கு அந்தப் பக்கம் நம் வீடு என்றால் அந்த நம்பர் மட்டுமே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் கேபிள் பெட்டிக்குக் கேட்க மட்டும்தான் தெரியும், திருப்பிப் பேசத் தெரியாது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மைக்கில் 'இன்ன ஊர் இன்னார் எங்கிருந்தாலும் மேடைக்கு அருகில் வரவும்' என்று அறிவிப்பார்கள். கூட்டம் முழுக்கக் கேட்கும், பெயருக்குரியவர் மட்டும் எழுந்து போவார். அவர் அந்த நேரம் வெளியே கடலைக் கடையில் நின்றால்? அறிவிப்பாளருக்கு அது தெரியாது; திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவார். இஎம்எம் கதையும் இதேதான்.

"அண்ணாச்சி, பைசா போட்டாச்சு, சானல் வரல்லியே?"

"பெட்டிய ஆஃப் பண்ணாதீங்க. அந்தச் சானலையே வச்சிட்டு இருங்க, வந்துரும்."

கேபிள்காரர் சமாளிக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். அவர் சொல்வது சரிதான். பணம் கட்டியதும் அவர் கணினியில் பதிவு செய்கிறார், உரிமைச் செய்தி வரிசையில் போய் நிற்கிறது, பிறகு குறிப்பிட்ட நேரம் வரை திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகிறது. அப்போது பெட்டி விழித்திருக்க வேண்டும். லீவு முடிந்து வந்து பெட்டியைப் போட்டால் ஒரு சானலும் வராமல் இருப்பதும், கேபிள்காரர் 'ரெஃப்ரெஷ்' அனுப்பியதும் எல்லாம் வந்துவிடுவதும் இதே காரணத்தால்தான்.

சில புத்திசாலிகள் இதைத் தலைகீழாக யோசிப்பார்கள். கட் பண்ணும் செய்தி வருகிற நேரத்தில் பெட்டியை அணைத்துவிட்டால் பணம் கட்டாமலே பார்க்கலாமே? பலிக்காது. உரிமையிலேயே கடைசித் தேதி இருக்கிறது. புதுப்பிக்கும் செய்தி வராவிட்டால் அது தானாகக் காலாவதியாகிவிடும்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் ஒரு மூலையில் திடீரென்று ஒரு நீள எண் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஃபிங்கர்பிரிண்ட் என்று அதற்குப் பெயர். அது உங்கள் பெட்டியின் அடையாள எண். யாராவது கிரிக்கெட் மேட்சைத் திரையிலிருந்து படம்பிடித்துத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஓடவிட்டால், எந்தப் பெட்டியிலிருந்து கசிந்தது என்று அந்த எண் காட்டிக்கொடுக்கும். நாடு முழுவதும் கேபிள் நிறுவனங்களுக்கு இது டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்த கட்டாயம்.

இவ்வளவு ஏற்பாடும் நம்மூருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அனலாக் காலத்தில் ஒயர் வந்த வீட்டில் படம் வரும். கட் என்றால் போஸ்டில் ஏறி ஒயரைக் கழற்ற வேண்டும். எத்தனை வீடு பார்க்கிறது என்பது கேபிள்காரருக்கும் அவர் நோட்டுக்கும்தான் வெளிச்சம். சானல் நிறுவனங்களுக்கு இதில் தீராத மனவருத்தம். 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, பெருநகரங்களில் தொடங்கிக் கட்டம் கட்டமாக டிஜிட்டல் பெட்டியைக் கட்டாயமாக்கினார்கள். கிராமங்களை உள்ளடக்கிய நான்காவது கட்டத்தின் கெடு 2017 மார்ச் 31. தமிழக அரசு கேபிள் டிவிக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததும் அதே 2017இல்தான். வீட்டு எண்ணிக்கை துல்லியமாகத் தெரிந்த பிறகே சானலுக்குச் சானல் விலை வைக்க முடிந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் விதியில் அப்போது 100 சானலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு என்றிருந்தது. கட்டணச் சானல்களுக்குத் தனியே பணம்.

இனி ஸ்ட்ரீமிங் பெட்டிக்கு வருவோம். அதற்கு ஒரு பெரிய வசதி, திருப்பிப் பேசத் தெரியும். அதனால் உரிமையை ஊருக்கே ஒலிபரப்ப வேண்டியதில்லை. நேரே போய்க் கேட்டுவிடலாம். அமெரிக்காவில் காம்காஸ்ட்டும் டைம் வார்னரும் 2009இல் 'டிவி எவ்ரிவேர்' என்ற பெயரில் அறிவித்தது இந்த ஏற்பாட்டைத்தான்: கேபிளுக்குப் பணம் கட்டுகிறவர் அதே சானலை இணையத்திலும் பார்க்கலாம், கூடுதல் கட்டணம் இல்லை.

ஆப்பைத் திறந்ததும் டிவியில் ஒரு கோடும் (code, சில எழுத்துகள் சேர்ந்த ரகசியக் குறியீடு) ஓர் இணைய முகவரியும் தெரியும். ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பாஸ்வேர்டு அடிப்பது பெரிய அவஸ்தை என்பதால் அந்த வேலையைப் போனுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறைக்கான பொது விதிமுறை 2019இல் ஆர்எஃப்சி 8628 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. அதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம்: கோடில் ஆங்கில உயிரெழுத்துகளை (Y-யையும் சேர்த்து) விட்டுவிடலாம் என்கிறது. தற்செயலாக வார்த்தை எதுவும் உருவாகிவிடக் கூடாதே! மிச்சமுள்ள 20 எழுத்துகளில் 8 எழுத்துக் கோடு அமைத்தால் 2560 கோடி வகை கிடைக்கும். கோடுக்கு ஆயுளும் குறைவு என்பதால், குருட்டாம்போக்கில் அடித்துப் பிடிப்பது நடவாது.

போனில் கோடைப் போட்டதும் கேபிள் நிறுவனங்களின் பட்டியல் வரும். உங்களுடையதைத் தொட்டால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கே போய்விடுவீர்கள். பாஸ்வேர்டை அங்கே கொடுக்கிறீர்கள். சானல் நிறுவனம் அதைப் பார்ப்பதே இல்லை. 'ஆம், இவர் எங்கள் வாடிக்கையாளர்' என்ற பதிலும் ஒரு ரகசிய எண்ணும் மட்டும் சானலுக்குத் திரும்பிப் போகும். இதற்கிடையில் டிவிப் பெட்டி சும்மா இருப்பதில்லை. 'ஆச்சா, ஆச்சா' என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வேறு இடைவெளி சொல்லாவிட்டால் 5 நொடிக்கு ஒரு தடவை. ஆச்சு என்ற பதிலோடு வரும் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டைச் சேமித்துக்கொள்கிறது. நீங்கள் போனில் முடித்த சில நொடியில் டிவித் திரை தானாக மாறுவது அதனால்தான்.

வாடிக்கையாளர் என்று நிரூபித்தால் போதாது. அவருடைய பேக்கில் இந்தச் சானல் இருக்கிறதா? ஒரு சானலைத் திறக்கும்போது இந்த இரண்டாவது கேள்வி கேபிள் நிறுவனத்துக்குப் போகிறது. நூற்றுக்கணக்கான கேபிள் நிறுவனங்களோடு ஒவ்வொரு சானலும் தனித்தனியாகப் பேச முடியாது என்பதால் அடோபி பாஸ் மாதிரி இடைத்தரகுச் சேவைகள் வந்தன. கடைசியில் வீடியோவைத் திறக்கும் சாவியை, லைசென்ஸ் என்ற பெயரில், டிஆர்எம் என்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டின் சர்வர் தருகிறது: கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்ட்டின் பிளேரெடி. கேபிளில் இசிஎம்மும் இஎம்எம்மும் பார்த்த வேலையைத்தான் இங்கே இந்த டோக்கனும் லைசென்சும் பார்க்கின்றன.

தொழில்நுட்பம் இப்படி ஒழுங்காக இருந்தும் தகராறு வந்தது. ஏனென்றால் 'ஆம்' சொல்வது கேபிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எச்பிஓ என்ற கட்டணச் சானலின் ஆப், ரோகு என்ற ஸ்ட்ரீமிங் பெட்டியில் 2011இலேயே வந்துவிட்டது, ஆனால் காம்காஸ்ட்டில் பணம் கட்டி எச்பிஓ வைத்திருந்தவர்களுக்கு 2014 டிசம்பர் வரை அந்தப் பெட்டியில் அது திறக்கவில்லை. சந்தா இருந்தது, ஆப் இருந்தது, பெட்டியும் இருந்தது. இந்தச் சாதனத்துக்கு 'ஆம்' சொல்ல காம்காஸ்ட் சம்மதிக்கவில்லை. பயனாளிக்கு இதைவிட எரிச்சல் தரும் விஷயம் வேறில்லை.

சானல்காரர்கள் ஏன் இதற்கெல்லாம் உட்பட்டார்கள்? கேபிள் நிறுவனங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று மாதாமாதம் அவர்களுக்குப் பணம் தருகின்றன. அதை நேரடி விற்பனைக்காகக் கெடுத்துக்கொள்ளப் பயம். எச்பிஓ 2015 ஏப்ரலில்தான் துணிந்து, கேபிளே வேண்டாம், மாதம் 14.99 டாலர் கொடுங்கள் என்று தனிச் சேவையைத் தொடங்கியது.

நம்மூரில் கேபிள் சந்தாவைக் காட்டி ஆப்பைத் திறக்கும் முறை அதே வடிவில் வேரூன்றவில்லை. தெருக் கேபிளில் நம்மை அடையாளம் காட்டுவது பெட்டி நம்பர். பல இடங்களில் வீட்டுக்காரருக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு என்று எதுவுமே கிடையாது. ஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் மாதிரி ஆப்கள் நேரடியாகப் பணம் வாங்கின. இருந்தாலும் சாயல் உண்டு. டாடா பிளே ஆப்பில் டிடிஎச் சந்தாதாரர் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு லைவ் சானல் பார்க்கலாம். ஜியோ டிவிக்கு ஜியோ இணைப்பு வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ்ஷின் பெரும்பாலான சானல்கள் பூட்டே இல்லாமல் வருகின்றன, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கோடு போடும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. 'ஆக்டிவேட் பண்ணித் தருகிறோம்' என்று பணம் கேட்கும் போலிப் பக்கங்களும் போன் நம்பர்களும் இணையத் தேடலில் நிறைய வரும். ரோகு நிறுவனம் பெட்டியை ஆக்டிவேட் செய்யக் கட்டணம் வாங்குவதில்லை என்று வாடிக்கையாளர்களை எச்சரித்தே இருக்கிறது. பணம் போவதைவிட மோசமானது இன்னொன்று. யாரோ போனில் ஒரு கோடு சொல்லி 'இதை உங்கள் அக்கவுண்டில் போடுங்கள்' என்றால், அது அவர் கையில் இருக்கும் பெட்டியின் கோடு. அதை எங்கிருந்து வாசித்தீர்கள் என்று சர்வருக்குத் தெரியாது. சரியான கோடு, சரியான பாஸ்வேர்டு, அது போதும். உங்கள் சந்தாவில் அவர் பெட்டி திறந்துகொள்ளும். அதனால் உங்கள் டிவித் திரையில் நீங்களே பார்க்கிற கோடை மட்டும், அதே திரையில் தெரிகிற முகவரியில் மட்டும் அடியுங்கள்.