ஒரே சீரான மனம் எதற்கு?

எதற்கும் அசையாமல், எந்நேரமும் ஒரே சீரான மனநிலையில் இருக்க என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்படி இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம் என்பேன். காரணத்தை உங்கள் கையிலேயே பார்க்கலாம்.

மணிக்கட்டின் உட்புறம், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்புகள் நெருங்கி வரும். அதைவிட மெதுவாக விடுங்கள். துடிப்புகளுக்கு இடையே இடைவெளி கூடும். இளம் வயதினருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 1847இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். நலமான இதயம் ஓய்வில்கூட ஒரே சீராகத் துடிப்பதில்லை. இந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைந்துபோனால்தான் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள்.

இதயத்துக்கு இரண்டு நரம்புக் கட்டுப்பாடுகள் உண்டு, ஒன்று முடுக்கும், மற்றது அடக்கும். இது பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது அந்த அடக்கும் நரம்பு. வேகஸ் என்று பெயர். மூளைத்தண்டில் தொடங்கி கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு எழுபது சொச்சம்தான். மிச்சத்தைக் குறைப்பது வேகஸ், ஓயாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது. மாற்று இதயம் பொருத்தும்போது இந்த நரம்பு அறுபடுவதால், அதைப் பெற்றவர்களின் நாடி ஓய்விலும் 90, 100 என்றே ஓடும். ஆக, நாம் அமைதி என்று நினைக்கும் நிலையே உடல் நொடிதோறும் உழைத்து உண்டாக்குவது!

அந்த பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதை ஓட்டோ லோவி என்ற மருந்தியலாளர் 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் காட்டினார். சோதனைக்கான யோசனை கனவில் வந்தது. எழுந்து கிறுக்கி வைத்தார், காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை திரும்பி வந்ததும் நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்தக் கரைசலை எடுத்து, தூண்டப்படாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் பேசுகிறது என்பது அப்போது உறுதியானது. அது அசிட்டைல்கோலின். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. தவளை இதயத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டு நிதியை மறுத்திருந்தால் இந்த அறிவு நமக்கு எப்போது வந்திருக்கும்? உடனடிப் பயன் உள்ள ஆய்வுக்கு மட்டுமே பணம் என்ற போக்கு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சரி, நம் மனநிலைக்கு வருவோம். அசிட்டைல்கோலின் சுரந்த வேகத்திலேயே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். அதனால் வேகஸின் பிடி ஒரு துடிப்புக்குள் இறுகும், தளரும். முடுக்கும் பக்கத்தின் வேதிப்பொருளான நோர்அட்ரினலின் அப்படியல்ல. மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். ரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் இன்னும் நேரம் எடுக்கும். சண்டை முடிந்து சமாதானம் ஆன பிறகும் நெஞ்சு படபடக்கிறதே, அது இதனால்தான். அந்தப் படபடப்பைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு பழைய கதையை மறுபடி கிளறுகிறோம். அந்த நேரத்தில் யாருக்கும் பதில் எழுதாதீர்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

மூச்சை இழுக்கும்போது மூளைத்தண்டு வேகஸைத் தடுத்து வைக்கிறது, விடும்போது திறந்துவிடுகிறது. அதனால் வெளிமூச்சை நீட்டினால் பிரேக்குக்கு நேரம் கூடக் கிடைக்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் இன்னொன்றும் நடக்கிறது. ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலுக்கும் சுமார் பத்து நொடிச் சுற்று உண்டு. இரண்டும் ஒத்துப்போவதால் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. தினமும் ஐந்து நிமிடம் போதும், தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். ஆனால் இதனால் கோபமே வராது என்று எதிர்பார்க்க வேண்டாம். வந்த கோபம் வடிய உடலுக்கு இது உதவும், நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இந்த நரம்பின் பெயரைச் சொல்லிக் காதில் மாட்டும் கருவிகள் எல்லாம் இப்போது விற்கிறார்கள். பிற சிகிச்சைகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2005இல் அனுமதி பெற்ற வேகஸ் தூண்டி வேறு வகை. அதை அறுவை சிகிச்சை செய்து நெஞ்சில் பதிக்க வேண்டும். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் கருவியும் வேண்டாம், என் மூச்சுக் கணக்கும் வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்.